சேதுக் காசும் செல்லிடப் பேசி ஏலமும்

ஏலம் யாழ்ப்பாணத்தார்க்குப் புதியதன்று. விடியற்காலையிற் கரையேறும் மீனைக் கூறி விற்குமிடத்து, கூறுவோன் வாய் ஓயுமுன் வாங்குவோன் கண்ணிமை அசைவே ஒரு விலையாகிவிடுதலைக் கரையோர ஊரவர் அறிவர். திருவிழா முடிவில், ஆண்டவனுக்குப் படைத்த மாம்பழமொன்று கோயில் வீதியிலே கூறப்பட்டு, சந்தையில் ஒருவரும் கனவிலும் நினையாத விலைக்குப் போவதையும் நாம் கண்டுள்ளோம். முன்னையதில் விலையை முடிவு செய்வது பண்டம். பின்னையதில் முடிவு செய்வது பக்தி. சிலவேளை அயலவனை விஞ்சவேண்டுமென்னும் வீம்பு. பண்டமும் பக்தியும் வீம்பும் ஒருங்கே கூடிய மூன்றாவது ஏலமொன்று உண்டு. அதற்குச் சந்தையுமில்லை, வீதியுமில்லை, கூறுவோன் குரலுமில்லை. கையளவான செல்லிடப் பேசியின் கண்ணாடியிலே, கடல் கடந்த ஊரொன்றில், பழங்காசுகள் ஏலத்துக்கு வருகின்றன. அவ்வேலத்தில் யாம் அகப்பட்டுக்கொண்ட கதையையும், அதனாற் கற்ற பாடத்தையும் இம்மலரிற் பதிந்து வைக்குமாறு பழைய மாணவர் சங்கத்தார் பணித்தமையால் இதனை எழுதலாயினோம்.

எமது அப்புவின் இடுப்பில் எந்நேரமும் ஒரு கொட்டப்பெட்டி இருக்கும். அதனுள் வெற்றிலை, பாக்கு, சில்லறை ஆகியவற்றோடு துணியிற் சுற்றிய செப்புக் காசொன்றும் இருக்கும். தோட்டங் கொத்தும்போது மண்வெட்டியில் அகப்பட்டதென்று அவர் தந்தையார் கொடுத்தது. அதனை எமது உள்ளங்கையில் வைத்து, "வாசி பார்ப்பம்" என்பார். ஒருபுறத்தில் நின்ற கோலத்தில் ஒரு மன்னன். மறுபுறத்திற் படுத்திருக்கும் நந்தி. நந்தியின் கீழே, தேய்ந்தும் தேயாமலும் இரண்டு எழுத்துக்கள். "சே", "து" என்று எழுத்துக்கூட்டி வாசித்த அந்த நாளே யாம் சாசனம் படிக்கத் தொடங்கிய நாள் எனலாம். பிற்காலத்தில் எத்தனையோ நூல்களைப் படித்தோம். அவ்விரண்டு எழுத்துக்களைப் படித்த மகிழ்ச்சி மீண்டும் வாய்த்ததில்லை.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சிக்குச் சென்றமையை அறியாதார் நம்முள் இலர். அப்பொழுது எமக்குப் பதினைந்து வயது. வழியிற் பறிபோகுமென்று அஞ்சிய அப்பு, காசையும் வேறு சில பொருள்களையும் ஒரு தகரப் பேணியிலிட்டுக் கிணற்றடியில் வாழையின் கீழே புதைத்தார். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது கிணறு இருந்தது, வாழை இல்லை, பேணியும் இல்லை. அப்பு மூன்று நாள் தோண்டினார். நான்காம் நாள் மண்வெட்டியைக் கழுவிச் சார்த்தி வைத்துவிட்டுப் பேசாதிருந்தார். வீட்டின் ஓடும் நிலையும் கதவும் போனமைக்கு அவர் அத்துணை வருந்தினாரல்லர். அதன் பின்னர் ஈராண்டே அவர் உயிரோடிருந்தார். அந்த ஈராண்டும் கொட்டப்பெட்டி இடுப்பிலிருந்தது. காசு சுற்றிய துணியும் அதனுள் வெறிதே இருந்தது.

இனி, அக்காசின் வரலாற்றைச் சிறிது கூறல் வேண்டும். யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் சேதுகாவலர் எனப் பெயர் பெற்றவர்கள். அவர்கள் கொடியிலே நந்தி இருந்தது. காசிலும் நந்தி இருந்தது. ஆணையின் முகப்பிலே சேது என்னும் மங்கலச் சொல் இருந்தது. கேகாலைப் பகுதியிலுள்ள கோட்டகமத் தமிழ்க் கல்வெட்டின் தொடக்கத்திலும் அச்சொல்லைக் காணலாம். ஒருகாலத்தில் இக்காசுகளை இராமநாதபுரத்துச் சேதுபதிகளுடையன என்று கருதியோரும் உளர். சுவாமி ஞானப்பிரகாசரும், 1926இல் "பண்டைய யாழ்ப்பாணம்" என்னும் பொருள்பட ஆங்கில நூல் வெளியிட்ட முதலியார் செ. இராசநாயகமும், 1924இல் இலங்கைக் காசுகளைப் பற்றி விரிநூல் எழுதிய கொட்றிங்டனும் ஆராய்ந்ததன் பயனாக, அவை யாழ்ப்பாண மன்னர் வெளியிட்டவை என்னுங் கருத்து நிலைபெற்றது. அண்மைக் காலத்தில் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் வட இலங்கையிற் கிடைத்த பழங்காசுகளைத் தொகுத்தாராய்ந்து நூலெழுதியுள்ளார். 1619இல் அவ்வரசு போர்த்துக்கேயர் வசப்பட்டது. அரண்மனை போயிற்று, ஏடுகளிற் பெரும்பகுதி போயிற்று, மன்னர் தம் பெயரால் அடித்த செப்புத் துண்டுகளே எஞ்சின. ஆகவே சேதுக் காசு வெறும் செம்பன்று, மன்னர் கைச்சாத்து.

அது நிற்க. சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பிலே யாழ்ப்பாண மன்னர் காலத்து இலக்கியத்தைக் கற்பித்துக்கொண்டிருந்தோம். சேதுக் காசைப் பற்றிச் சொல்லிக் கரும்பலகையில் வட்டமொன்று கீறி நந்தியை வரைய முயன்றோம். நந்தி ஆட்டைப் போல வந்தது. பின்வாங்கிலிருந்த மாணவனொருவன் எழுந்து, "சேர், நீங்கள் அந்தக் காசைக் கண்டிருக்கிறீர்களா?" என்று கேட்டான். கண்டோம் என்றோம். "இப்போது எங்கே பார்க்கலாம்?" என்றான். நாவலர் வீதியிலுள்ள தொல்பொருட் காட்சியகத்தைக் குறிப்பிட்டோம். ஆயினும் அவன் கேட்டது காட்சியகத்தையன்று; கையில் எடுத்துப் பார்க்கும் காசையே என்பது எமக்குத் தெரிந்தது. கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று பார்த்தல் வேறு. உள்ளங்கையில் வைத்து எழுத்துக்கூட்டி வாசித்தல் வேறு. நம் கல்லூரிக்கென ஒரு சேதுக் காசு இருத்தல் வேண்டும் என்னும் ஆசை அன்று முளைத்தது.

ஆசை அறிவை முந்தினால் வரும் கேட்டை உடனே அனுபவித்தோம். 2019ஆம் ஆண்டிலே, செல்லிடப் பேசியில் விலைப்படத் தோன்றிய காசொன்றைக் கண்டு, படத்தை இரண்டு முறை பார்த்து, மூன்றாம் முறை பாராது வாங்கிவிட்டோம். சம்பளத்திற் பாதி போயிற்று. காசு வந்தது. அழகாகத்தான் இருந்தது. எமக்கு அறிமுகமான முதிய பத்தர் ஒருவரிடம் காட்டினோம். அவர் உருப்பெருக்கியைக் கண்ணிற் பொருத்தி, விளிம்பைச் சுழற்றிப் பார்த்து, நகத்தால் ஒருமுறை வருடி, மெல்லக் கூறினார்: "மாஸ்டர், இது அடிச்ச காசில்லை, வார்த்த காசு."

அன்று பத்தர் கற்பித்த பாடம், யாம் ஆசிரிய பயிற்சிக் கலாசாலையிற் கற்ற பாடங்கள் பலவற்றினும் பயனுடையது. பண்டைக் காலத்தே காசடிப்போன், காய்ச்சிய உலோகத் துண்டை இரண்டு அச்சுகளுக்கிடையில் வைத்துச் சம்மட்டியால் அடித்தான். அடிபட்ட செம்பு அச்சின் பள்ளங்களுட் புகுந்து பரவும். எழுத்தின் ஓரம் கூர்மையாக நிற்கும். விளிம்பிலே சிலபோது வெடிப்புக் காணும். உருவம் நடுவில் விழாது ஒருபுறம் சாய்ந்திருத்தலும் உண்டு. போலி செய்வோனோ உண்மைக் காசொன்றை மண்ணிற் பதித்து, அக்குழியில் உருகிய உலோகத்தை ஊற்றுகிறான். அதனால் எழுத்துக்கள் சவர்க்காரத்தில் எழுதினாற்போல வழுவழுப்பாக இருக்கும். பரப்பிலே ஊசித் துளைகள் போன்ற குமிழ்கள் தோன்றும். விளிம்பைச் சுற்றி இரண்டு பாதிகளையும் ஒட்டிய கோடு ஓடும், அல்லது அக்கோட்டை அராவிய தடம் இருக்கும். எமது காசில் இம்மூன்றும் இருந்தன.

மற்றொரு குறியும் உண்டு. கையால் அடித்த காசுகளுள் ஒன்றையொன்று முற்றிலும் ஒத்தன இரா. ஒரே அச்சிற் பிறந்த இரண்டு காசுகளிலும் வெடிப்பும் சாய்வும் வேறுபடும். அதே வெடிப்பு, அதே சாய்வு, அதே கீறல் இரண்டு காசுகளிற் காணப்படின் அவை ஒரு குழியில் வார்த்த இரட்டையர் என்று துணியலாம். எமது காசின் இரட்டையனை ஆறு திங்களின் பின்னர் வேறோர் ஏலப் பட்டியலிலே கண்டோம். பெற்ற பிள்ளையின் உடன்பிறப்பைத் தெருவிற் கண்டாற்போல இருந்தது.

ஏலத்துக்கு வரும் காசைக் கையால் தொடல் இயலாது, படத்தையே நம்பவேண்டும். ஆதலின் படத்தைப் படிக்கக் கற்றல் வேண்டும். இருபுறமும் காட்டப்பட்டுள்ளனவா, விளிம்பு காட்டப்பட்டுள்ளதா என்று முதலிற் பார்க்க. எடையும் குறுக்களவும் குறிக்கப்பட்டுள்ளனவா என்று அடுத்துப் பார்க்க. யாம் நிறுத்துப் பார்த்த சேதுக் காசுகளுட் பெரியன 4 கிராமுக்குச் சற்றுக் கீழ்மேலாக நின்றன. அவ்வகைக் காசொன்று 6 கிராம் என்று குறிக்கப்படின் ஐயுறவேண்டும். எடையே குறிக்கப்படாவிடின் இன்னும் ஐயுறவேண்டும். செப்பின் மேற் பல நூற்றாண்டு படிந்த களிம்பு இறுகி, உலோகத்தோடு ஒன்றி, பள்ளத்திலும் மேட்டிலும் இயல்பாகப் பரவியிருக்கும். மருந்திட்டு ஏற்றிய பச்சை, பூசிய வர்ணம் போலத் திட்டுத் திட்டாக நிற்கும். கேட்டெழுதினால் வேறொரு படம் அனுப்பாத விற்பனையாளனிடம் காசும் வாங்கலாகாது, கடனும் வாங்கலாகாது.

களிம்பைப் பற்றி ஒரு சொல். நம் வீடுகளிற் பித்தளைக் குத்துவிளக்கைப் புளியும் சாம்பலுமிட்டு மினுக்குதல் நல்வழக்கம். அதே வழக்கத்தைப் பழங்காசுக்குச் செய்தலாகாது. மாணவி ஒருத்தி ஒல்லாந்தர் கும்பினியாரின் துட்டொன்றைக் கொண்டுவந்தாள். வி, ஓ, சி என்னும் மூன்று ஆங்கில எழுத்துக்கள் பின்னிய அச்செப்புக் காசை, ஆசிரியருக்குக் காட்டப்போகிறோமென்று அவள் தாயார் முதனாளிரவு புளியிட்டுத் தேய்த்திருந்தார். காசு தீப்போல மின்னியது. ஆனால் முந்நூறு ஆண்டு போர்த்த மேலாடை ஓரிரவிற் போய்விட்டது. அதனோடு சேகரிப்போர் கொடுக்கும் விலையிற் பெரும்பங்கும் போய்விட்டது. அப்பிள்ளையிடம் இதனைச் சொல்ல மனம் வரவில்லை. அடுத்த காசு கிடைத்தால் நீரும் தொடாது கொண்டுவா என்று மட்டும் கூறினோம்.

பழையது யாவும் விலையுயர்ந்தது என்னும் மயக்கமும் நம்மிடையே மிகுதி. இராசராச சோழன் பெயர் பொறித்த செப்புக் காசு ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது. ஒருபுறம் நின்ற மன்னன், மறுபுறம் இருந்த மன்னன், அருகே நாகரி எழுத்திற் பெயர். நமது சேதுக் காசின் நின்ற மன்னனுக்கு மூதாதை அவனே. ஆயினும் அக்காசு எண்ணிறந்து அடிக்கப்பட்டு எண்ணிறந்து கிடைத்தமையால், நல்ல பிரதியொன்றையும் எளிய விலைக்கு வாங்கலாம். மறுதலையாக, ஐக்கிய அமெரிக்கா 1933ஆம் ஆண்டில் 445,500 இருபது டொலர்ப் பொற்காசுகளை அடித்தது. தனியார் பொன் வைத்திருத்தலை அவ்வாண்டே அரசு தடுத்தமையால், அவை வெளியிடப்படாது, ஏறக்குறைய யாவும் உருக்கப்பட்டன. தப்பியவற்றுட் சட்டப்படி தனியார் உடைமையாக்கத் தக்கதாக ஏற்கப்பட்ட ஒரேயொரு காசு 2021ஆம் ஆண்டு யூன் மாதம் நியூயோர்க்கில் ஏறத்தாழ 1 கோடியே 89 இலட்சம் டொலருக்கு விலைப்பட்டது. நூறாண்டு நிரம்பாத காசு ஆயிரமாண்டுக் காசை இவ்வாறு வெல்கின்றது. எத்தனை எஞ்சியுள்ளன, எத்தனைபேர் விரும்புகின்றனர், எந்நிலையில் உள்ளது, எவர் கைகளைக் கடந்து வந்தது: இந்நான்குமே விலையை ஆக்குவன. வயது அவற்றுக்குத் துணைநிற்பதேயன்றித் தனித்து நிற்பதன்று.

இம்மயக்கத்தையே முதலாகக் கொண்டு வாணிகஞ் செய்வோரும் உளர். இராமர் பட்டாபிடேகம் பொறித்து, கிழக்கிந்தியக் கும்பினியின் பெயரும் 1818 முதலிய ஆண்டுகளும் இட்டு, கோடி பெறும் காசென்று காட்டப்படுவன கும்பினியாரின் நாணயங்களே அல்ல. பிற்காலத்தார் செய்த வில்லைகள். எம் அயலவர் ஒருவரிடம் அப்படியொன்று இருந்தது. அதனைப் பல இலட்சத்துக்கு வாங்குவதாகத் தொலைபேசியில் ஒரு குரல் கூறிற்று; முன்பணமாக வரியையும் பதிவுச் செலவையும் செலுத்துக என்றது. அவர் மூன்று முறை செலுத்தினார். நான்காம் முறை குரல் எடுபடவில்லை. மகளின் கல்விக்கென வைத்த பணம் அது. இந்தியாவிலும் இதே மோசடி நடந்தமையால், பழைய காசு, தாள்களை வாங்குவதாகத் தன் பெயரைச் சொல்லிக் கட்டணங் கேட்போரை நம்பவேண்டாமென்று இந்திய ரிசர்வ் வங்கி 2021ஆம் ஆண்டு ஓகத்து மாதத்தில் அறிவித்தது. வாங்குவோன் விற்போனிடம் முன்பணம் கேட்கும் சந்தை உலகில் எங்குமில்லை என்னும் ஒரு நினைவு போதும், நம்மைக் காக்க.

இவற்றை எல்லாம் கற்ற பின்னர் எமக்கு வந்த சோதனை, அறிவைப் பற்றியதன்று, மனச்சான்றைப் பற்றியது. ஒருநாள் ஏலப் பட்டியலில் முப்பது காசுகள் கொண்ட ஒரு தொகுதி வந்தது. "வட இலங்கை" என்பது மட்டும் குறிப்பு. படத்தை விரித்துப் பார்த்தோம். நான்கு சேதுக் காசுகள். ஐயமற்ற உண்மைக் காசுகள். அவற்றின் பள்ளங்களிலே செம்மண் ஒட்டியிருந்தது. அம்மண்ணை எமக்குத் தெரியும். எமது கிணற்றடி மண்ணும் அந்நிறமே. இவை பழஞ் சேகரிப்பிலிருந்து வந்தனவல்ல. அண்மையில் எவனோ தோண்டி எடுத்தவை. எமது பேணியும் இப்படித்தான் போயிருக்கவேண்டும்.

இந்நாட்டிலே 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் உண்டு. 1815ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆம் நாளுக்கு முற்பட்ட காசுகளும் அதன்படி தொல்பொருள்களே. கண்டெடுத்தவன் அறிவித்தல் வேண்டும். அனுமதிப் பத்திரமின்றி நாட்டின் வெளியே கொண்டுபோதல் குற்றம். சட்டம் நிற்க, அறிவுக்கு நேரும் இழப்பைக் கருதுக. 1917இலும் 1919இலும் போல் பீரிசு கந்தரோடையிற் கண்டவற்றை எழுதி வைத்தார். அதனால், எந்தக் காசு எந்தக் காசுகளோடு, எந்த ஊரிற் கிடைத்தது என்பதைக் கொண்டு, நம் முன்னோர் உரோமரோடும் பிறரோடும் செய்த வாணிகத்தை இன்று பேச முடிகின்றது. இரவிலே தோண்டி விற்ற காசுக்கு ஊருமில்லை; அயலுமில்லை; கதையுமில்லை. ஏட்டிலிருந்து ஓர் எழுத்தைக் கத்தரித்து விற்பதனை ஒக்கும் இது. நூலகம் எரியக் கண்ட நமக்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா.

எவரிடமிருந்து பெற்றவை என்று விற்பனையாளருக்கு எழுதிக் கேட்டோம். விடையில்லை. கேட்கத் தொடங்கிய விலையோ எமக்கு எட்டக்கூடியது. மீட்டெடுப்பதும் ஒரு தொண்டன்றோ என்று மனம் வாதிட்டது. யாம் வாங்காவிடின் வேறொருவன் வாங்குவான். காசு ஊருக்குத் திரும்பாது என்றது. அதற்கு மறுமொழி காண ஓரிரவு சென்றது. யாம் கொடுக்கும் விலை அடுத்த மண்வெட்டிக்குக் கூலியாகும் என்பதே அம்மறுமொழி. ஏலம் முடியும்வரை பேசியைக் கையில் எடாதிருந்தோம். நான்கு சேதுக் காசுகளும் எவர்க்கோ போயின. அவ்விழப்பு இன்றும் உறுத்துகின்றது; ஆயினும் செய்தது பிழையென்று தோன்றவில்லை. செல்வரும் இதற்கு விலக்கல்லர். யூலியஸ் சீசரைக் கொன்றதைக் குறித்துப் புரூட்டஸ் வெளியிட்ட பொற்காசொன்று 2020இல் இலண்டனில் 40 இலட்சம் டொலருக்கு மேல் விலைப்பட்டது. அதன் கைமாற்று வரலாறு பொய்யென்று பின்னர் வெளிப்பட்டமையால், 2023இல் அது கிரேக்க நாட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. வரலாறில்லாக் காசு, உறுதியில்லாக் காணியை ஒக்கும்.

இனி, முடிவான ஏலத்துக்கு வருவோம். எம்மோடு பயின்ற நண்பர் சிலர், கல்லூரிக்குச் சேதுக் காசு வாங்குதற்கென 2021ஆம் ஆண்டில் 80,000 ரூபா திரட்டித் தந்தனர். அன்று அது ஏறக்குறைய 400 டொலர். அடுத்த ஆண்டு நாடு பொருள் நெருக்கடியில் விழுந்தது. 200 ரூபாவளவில் நின்ற டொலர் சில மாதங்களில் 360ஐ எட்டியது. பணம் அதுவே; பெறுமதி பாதியாயிற்று. 2023ஆம் ஆண்டின் இறுதியிலே எமக்கு வேண்டிய காசு வந்தது. எடை, படம், விளிம்பு யாவும் செவ்வையாக இருந்தன. எல்லாவற்றினும் மேலாக, காசோடு ஒரு பழைய சீட்டு இருந்தது. அரசாங்க சேவையிலே இங்கிருந்த ஆங்கிலேயர் ஒருவர் நூறாண்டுக்கு முன் தம் கையால் எழுதியது. மண்ணொட்டிய காசன்று, வரலாறொட்டிய காசு.

எத்துணை கேட்பது என்று முன்னதாகவே கணக்கிட்டோம். ஏலத்தில் ஒலிக்கும் விலை வேறு. கையிலிருந்து போகும் பணம் வேறு. கேட்ட விலையின்மேல் ஏலத்தார் தம் கட்டணமாக நூற்றுக்கு இருபது சேர்ப்பர். அஞ்சற் செலவு வேறு. 180 டொலருக்கு எடுத்தால் கட்டணம் 36; அஞ்சல் 30; ஆக 246. அன்றைய மாற்றுக்கு அது 80,000 ரூபாவைத் தொட்டு நின்றது. ஆகவே 180 எமது எல்லை. அதனைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். ஏலத்தின் நடுவே மனிதன் மனிதனாக இரான். எல்லையை முன்னரே எழுதி வைத்தல் வேண்டும். ஏனெனில், ஏலத்தில் வெல்பவன் அப்பொருளை எல்லாரினும் மிகுதியாக மதித்தவன். எல்லாரினும் மிகுதியாக மதித்தவன் எல்லாரினும் மிகுதியாகப் பிழைபட்டவனாக இருத்தலும் கூடும்.

காசின் தொடக்க விலை 40. 60 முதல் 80 வரை போகலாமென்று ஏலத்தார் மதித்திருந்தனர். கனடாவில் வதியும் வகுப்புத் தோழர் பணஞ் செலுத்தும் பொறுப்பை ஏற்றார். நம் நாட்டு நேரப்படி நள்ளிரவு கழிந்து ஏலம் நடந்தது. யாம் 50 கேட்டோம். கண்ணிமைக்குமுன் 60 என்று எதிராளி நின்றார். 70 கேட்டோம், 80 வந்தது. இவ்வேலங்களில் ஒருவர் தம் உச்ச விலையை மறைவாகப் பதிந்து வைக்கலாம். எதிரே எவர் கேட்டாலும், அவ்வுச்சத்தைத் தொடும்வரை, பொறியே அவருக்காக ஒரு படி மேலே கேட்டுக்கொண்டிருக்கும். யாம் பொருதது மனிதனோடன்று, அவன் உறங்கப் போகுமுன் எழுதிவைத்த எண்ணோடு. அவ்வெண் எதுவென்று தெரியாது. 110 கேட்டோம், 120. 150 கேட்டோம், 160. நெஞ்சு பறையடித்தது. 180 என்றோம். 190 என்று வந்தது.

சுவரைப் பார்த்தோம். இன்னும் இருபது டொலர் எமது கையிலிருந்து போட்டாலென்ன என்று தோன்றிற்று. மனைவியார் பிள்ளையைப் போர்த்திவிட்டு எட்டிப் பார்த்து, "எழுதி ஒட்டினது யார்?" என்று மட்டும் கேட்டார். பேசியைக் கவிழ்த்து வைத்தோம். காசு போயிற்று.

அடுத்த ஆண்டு நல்லூர்த் திருவிழாக் காலத்தில், இலண்டனில் வதியும் நம் பழைய மாணவர் ஒருவர், எமக்குப் பத்து வகுப்பு மூத்தவர், கல்லூரிக்கு வந்தார். ஆசிரியர் அறையில் அமர்ந்து, பைக்குள்ளிருந்து சிறு பெட்டியொன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். "தம்பி, பள்ளிக்கூடத்துக்கு ஒரு சேதுக் காசு கொண்டுவந்தனான்" என்றார். திறந்தார். காசின் கீழே அந்தப் பழைய சீட்டு இருந்தது. அவர் மேலும் கூறினார்: "எண்பதோடை முடியவேண்டியது. எவனோ ஒரு பிடிவாதக்காரன் விடாமல் ஏத்திப் போட்டான்."

அப்பிடிவாதக்காரர் யாமே என்று சொல்ல எமக்குச் சிறிது நேரம் வேண்டியிருந்தது. சொன்னதும் அறை முழுவதும் சிரித்தது. அவரும் கண்ணீர் வரச் சிரித்தார். சிரிப்பு ஓய்ந்தபின் நெஞ்சில் ஒரு பாரம் இருந்தது. ஒரே கல்லூரியின் இரு பிள்ளைகள், ஒரே கல்லூரிக்காக, ஒருவரையொருவர் அறியாது இருட்டிற் பொருது, நூற்றுப் பத்து டொலரை மூன்றாமவனுக்கு ஈந்துவிட்டோம். காசேலத்திற்கு மட்டும் உரிய பிழையோ இது? நம்மவர் வரலாறு முழுவதிலும் இதன் சாயல் இல்லையா? வாசகர் தாமே எண்ணிக்கொள்க.

எனவே இம்மலரின் வாயிலாக மூன்று வேண்டுகோள். முதலாவது, கல்லூரிக்கெனப் பழம்பொருள் வாங்க விழைவோர், எந்நாட்டில் இருப்பினும், சங்கத்துக்கு ஒரு வரி எழுதிவிட்டு ஏலத்தில் இறங்குக. இரண்டாவது, தோட்டத்திலோ கிணற்றடியிலோ பழங்காசு கண்டெடுக்கும் மாணவர், அதனைத் தேயாமலும் விற்காமலும், கண்ட இடத்தையும் நாளையும் எழுதி, ஆசிரியரிடங் காட்டுக. உரிய திணைக்களத்துக்கு அறிவிக்க யாம் துணைசெய்வோம். மூன்றாவது, வரலாறு கூறாத காசு எத்துணை மலிவாயினும் எவரும் வாங்காதொழிக.

எஞ்சிய 80,000 ரூபாவை நண்பர் திருப்பிக் கேட்டாரில்லை. காசை வைக்கும் பெட்டிக்கும், உருப்பெருக்கிகளுக்கும், நுண்தராசுக்கும் அது பயன்பட்டது. காசு வந்த மறுநாள் அதனை வகுப்புக்குக் கொண்டுசென்றோம். முன்னாள் வினவிய மாணவன் கல்லூரியை விட்டுப் போய்விட்டான். அவனுடைய தம்பி ஏழாம் வகுப்பில் இருந்தான். அவனை அழைத்து, கையைத் துடைக்கச் செய்து, உள்ளங்கையில் வைத்து, வாசிக்கச் சொன்னோம். வெளிச்சத்துக்குத் திருப்பினான், தலையைச் சாய்த்தான், இதழ் அசைந்தது. "சே" என்றான். சிறிது நின்று, "து" என்றான்.

இஃது அப்புவின் காசன்று என்பது எமக்குத் தெரியும். அவர் காசிலே நந்தியின் திமிலருகே ஒரு வெடிப்பு இருந்தது; இதில் இல்லை. அது எங்கோ எவர் பெட்டியிலோ இருக்கட்டும். ஆயினும் அவ்விரண்டு எழுத்துக்களையும் ஒரு பிள்ளை வாசிக்கக் கேட்டபோது, வெறிதே கிடந்த துணியில் ஏதோ ஒன்று மீண்டும் வைத்து முடியப்பட்டது போல இருந்தது.